மரத்தில் வாழும் சிலந்திக்கு வீடு

பிங்க்டோ சிலந்தியை ஆசையாக வாங்கி, முதல் ஆண்டிலேயே பறிகொடுத்தவர்கள் நிறையப் பேர். எல்லோரும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: நேற்று ராத்திரி வரை நன்றாக இருந்தது, காலையில் பார்த்தால் கால்களை மடக்கிக்கொண்டு கீழே கிடக்கிறது. தீனியில் குறை வைத்திருக்க மாட்டார்கள். அந்தக் கூண்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். உள்பக்கச் சுவரெல்லாம் நீர்த்துளி கோத்திருக்கும். மூடியைத் திறந்தால் புழுங்கிய மண்வாடை முகத்தில் அடிக்கும். பக்கவாட்டில் ஒரு துளைகூட இருக்காது. மழைக்காட்டுச் சிலந்தி, ஈரமாகவே வைத்திருங்கள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதை நம்பிக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்திருப்பார்கள்.

மழைக்காடு ஈரமானதுதான். ஆனால் இந்தச் சிலந்தி அந்தக் காட்டின் தரையில் வாழவில்லை. தென் அமெரிக்காவின் வடபகுதியில், கயானா, சுரிநாம், பிரெஞ்சு கயானா, பிரேசிலின் அமேசான் பகுதி ஆகிய இடங்களில், மரப்பட்டை இடுக்கிலும், மடித்த இலைக்குள்ளும், அன்னாசிக் குடும்பச் செடிகளின் மடலுக்குள்ளும், சில நேரம் வீட்டுக் கூரை இறவாரத்திலும் அது பட்டுக்குழாய் பின்னிக் குடியிருக்கிறது. அங்கே மழை கொட்டும். கொட்டி ஓய்ந்ததும் காற்று வந்து உலர்த்திவிடும். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்கும். டப்பாவுக்குள் நனைவது மட்டும்தான் நடக்கிறது, காய்வது நடப்பதே இல்லை. இந்த அத்தியாயத்தில் கூண்டு, தண்ணீர், தீனி என்று எதைப் பற்றிச் சொன்னாலும் அடியில் இருப்பது இந்த ஒரு விஷயம்தான். மரச்சிலந்திக்கு முதல் தேவை ஓடும் காற்று, ஈரம் அதற்குப் பிறகுதான்.

எந்தச் சிலந்தி

முதன்முதலாக மரச்சிலந்தி வளர்ப்பவருக்கு நான் சொல்வது அவிக்குலேரியா அவிக்குலேரியா. கடைகளில் பிங்க்டோ என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். வளர்ந்தபின் உடல் கருப்பு, பாத நுனிகள் மட்டும் இளஞ்சிவப்பு. குஞ்சில் இது தலைகீழ்: கால்கள் இளஞ்சிவப்பு, நுனி கருப்பு. கால் விரித்த அளவு 12 முதல் 15 சென்டிமீட்டர் வரை போகும். டரான்டுலா எனப்படும் மயிரடர்ந்த பெரிய சிலந்திகளில் உலகம் முதலில் படமாகப் பார்த்தவற்றில் இதுவும் ஒன்று. 1699 முதல் 1701 வரை சுரிநாமில் தங்கிப் பூச்சிகளை வரைந்த மரியா சிபில்லா மெரியன், 1705-இல் வெளியிட்ட தன் நூலில் கொய்யாக் கிளையொன்றில் ஒரு பெரிய சிலந்தி தேன்சிட்டு போன்ற குட்டிப் பறவையைத் தின்பதாக வரைந்தார். பலர் அதை நம்பவில்லை. ஆனாலும் 1758-இல் லின்னேயஸ் பெயர் வைத்தபோது பறவையைக் குறிக்கும் சொல்லையே சிலந்திக்கு வைத்தார். உங்கள் கூண்டில் இருப்பது பறவையைத் தேடாது, சுவர்க்கோழியே அதற்குப் போதும்.

இதன் நெருங்கிய உறவு மார்டினிக் தீவைச் சேர்ந்த வெர்சிகலர். குஞ்சாக இருக்கும்போது உடல் முழுக்க நல்ல நீலம். வளர வளரப் பச்சையும் செம்பும் ஊதாவும் கலந்து வரும். முன்பு இதுவும் அவிக்குலேரியா பேரினத்தில்தான் இருந்தது. 2017-இல் ஆய்வாளர்கள் கரோலின் ஃபுகுஷிமாவும் ரொஜேரியோ பெர்தானியும் அந்தப் பேரினத்தை முழுக்க மறுபரிசீலனை செய்து 12 இனங்களை மட்டும் அதில் வைத்தார்கள். வெர்சிகலர் கரிபெனா என்ற புதுப் பேரினத்துக்குப் போனது. கடைக்காரர்கள் இன்னும் இரண்டு பெயரிலும் விற்கிறார்கள், இரண்டும் ஒன்றே. அழகுக்காக எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். இதன் குஞ்சுக்கு மூடிய ஈரம் இன்னும் ஆகாது. ஆகவே ஒரு பிங்க்டோவை ஓராண்டு நல்லபடியாக வளர்த்துவிட்டு இதற்கு வாருங்கள்.

நம் பக்கத்து மரச்சிலந்திகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பொய்சிலோதீரியா என்ற பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் கொண்டாடும் ரீகாலிஸ் இனத்தை 1899-இல் விலங்கியலாளர் போகாக் விவரித்தது அரக்கோணத்தில் கிடைத்த சிலந்தியை வைத்து. ராமேஸ்வரம் தீவில் கண்டறிந்து 2004-இல் பெயரிடப்பட்ட ஹனுமவிலாசுமிகா, பின்னர் கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் காணப்பட்டது. அது அற்றுப்போகும் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. வடக்கு இலங்கையில் மாங்குளம் பக்கம் கிடைத்தது ராஜேய். இவற்றின் பெரிய பகை மரம் வெட்டுதல். பொந்து விழுந்த பழைய மரங்கள் போனால் இவையும் போய்விடும். அடுத்த பகை, பிடித்து விற்கும் வியாபாரம். 2019-இல் பேரினம் முழுவதையும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் சேர்த்தார்கள். தோப்பிலோ பழைய வீட்டுச் சுவரிலோ ஒன்றைப் பார்த்தால் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். பிடித்து வளர்க்க வேண்டாம். சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இது புதியவருக்கு ஏற்ற சிலந்தி இல்லை. கண் இமைக்கும் வேகத்தில் ஓடும், கடித்தால் கடுமையான தசைப்பிடிப்பு வரும், அது சிலருக்கு நாள்கணக்கில் விட்டு விட்டு வரும்.

சட்டம் ஊருக்கு ஊர் வேறு. சிங்கப்பூரில் டரான்டுலா வளர்க்கவே அனுமதி இல்லை. ஆஸ்திரேலியாவுக்குள் வெளிநாட்டு டரான்டுலாவைக் கொண்டுபோக முடியாது. இந்தியாவில் 2022-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். எந்த நாட்டில் இருந்தாலும் வாங்குமுன் வனத்துறையிடம் கேளுங்கள். விற்பவர் காட்டில் பிடித்ததா, கூண்டில் பிறந்ததா என்பதற்குத் தெளிவான பதிலும் ரசீதும் தராவிட்டால் அங்கே வாங்காதீர்கள்.

குஞ்சு மலிவு என்று முதலில் அதை வாங்குவார்கள். நான் கால் விரித்த அளவு 4, 5 சென்டிமீட்டர் உள்ளதை வாங்கச் சொல்வேன். குஞ்சு தாங்காத சிறு தவறுகளை அந்த அளவுச் சிலந்தி தாங்கிக்கொள்ளும்.

கூண்டு

வளர்ந்த பிங்க்டோவுக்கு 20 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம், 30 உயரம் உள்ள அக்ரிலிக் பெட்டி போதும். தரைச்சிலந்திக்கு இடம் அகலத்தில் வேண்டும், இதற்கு உயரத்தில் வேண்டும். கதவு முன்பக்கம் இருக்கட்டும். பிங்க்டோ எப்போதும் கூண்டின் மேல் மூலையில்தான் வலை பின்னும். மேல்மூடிப் பெட்டி என்றால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதன் வீடு கிழியும். கிழிந்த வீட்டிலிருந்து பதறிப்போய் வெளியே பாயும். குஞ்சுக்குச் சிறு பிளாஸ்டிக் டப்பா வாங்கினால் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, மூடியைத் தரையாக்கிப் பயன்படுத்துவது நல்ல வழி. மேலே வலை அப்படியே இருக்கும், கீழே திறந்து தீனி போடலாம்.

இனி துளை. எதிரெதிர்ப் பக்கச் சுவர்களில் துளை வேண்டும். ஒரு பக்கம் தரைக்குச் சற்று மேலே, மறுபக்கம் உச்சிக்குச் சற்றுக் கீழே. அப்போதுதான் காற்று கீழே நுழைந்து மேலே வெளியேறும். மூடியில் மட்டும் துளை போட்டால் கீழே உள்ள காற்று அசையாமல் கிடக்கும். சால்டரிங் அயர்ன் நுனியால் 2, 3 மில்லிமீட்டர் துளைகளை வரிசையாகப் போடலாம். குஞ்சின் டப்பாவில் அதன் தலைப்பகுதி நுழையாத அளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும். கம்பிவலை வேண்டாம். பாதத்தின் நுனியில் உள்ள நகம் அதில் மாட்டிக்கொண்டு சிலந்தி தொங்கும்; இழுத்துக்கொள்ளும் அவசரத்தில் காலை இழந்துவிடும்.

சிலந்தியை விடுவதற்கு முன் ஒரு சோதனை. பெட்டிக்குள் நார்த்தூளைப் பரப்பி, ஒரு மூலையில் கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி, மாலையில் மூடி வையுங்கள். காலையில் சுவரில் ஆவி படிந்திருந்தால் துளை போதாது. இன்னும் போடுங்கள். சுவர் தெளிவாக இருந்து மூலை மட்டும் ஈரமாக இருந்தால் கூண்டு தயார். ஈரமானி வாங்கி ஒட்டி, அதன் எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தெளிப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்தால் அந்த எண்ணை மறந்துவிடலாம்.

ஈரம் தேங்கிய காற்று என்ன செய்கிறது? டரான்டுலாவுக்கு வயிற்றின் அடிப்பக்கம் இரண்டு ஜோடி புத்தக நுரையீரல்கள் இருக்கின்றன. மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும், இடையில் காற்று புகுந்து போகும். ஆகவே கூண்டுக் காற்று கெட்டால் சிலந்திக்கும் கேடு. பூஞ்சை பிடித்த தரை, செத்த தீனியில் பெருகும் உண்ணிகள், ஈக்கள் எல்லாம் நின்றுபோன ஈரக்காற்றில்தான் வரும். உலர்ந்த காற்று ஓடும் கூண்டில் இவற்றுக்கு இடமே இல்லை.

உள்ளே வைப்பதற்கு அதிகம் வேண்டாம். கீழே 4, 5 சென்டிமீட்டர் தென்னை நார்த்தூள். பொள்ளாச்சியிலிருந்து உலகம் முழுக்கப் போகும் அதே கட்டிதான். வெளிநாட்டு வளர்ப்பாளர்களும் அதைத்தான் ஊறவைக்கிறார்கள். தோட்டக்கடைக் கட்டியில் உப்பு இருக்கலாம், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து காயவிடுங்கள். உரம் கலந்த கலவை வாங்க வேண்டாம். நட்டநடுவில் சாய்வாக ஒரு கார்க் பட்டைக் குழாய், அதன் மேல்முனை கூரைக்கு 5 சென்டிமீட்டர் கீழே. அந்த முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் இலைகள். இலைக்கும் பட்டைக்கும் இடையில் நூல் கட்ட இடம் கிடைத்தால் சிலந்தி ஒரு வாரத்தில் குடியேறிவிடும். பைன், தேவதாரு போன்ற பிசின் மரங்கள் ஆகா.

வெப்பம் 22 முதல் 28 டிகிரி இருந்தால் நல்லது. நம் ஊரில் சூடுபடுத்தும் விளக்கோ பாயோ தேவையே இல்லை, கவலை மறுபக்கம்தான். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையில் கூண்டை வைக்காதீர்கள். வீட்டிலேயே குளிர்ந்த அறை, வெயில் விழாத சுவர், ஆள் நடமாட்டம் குறைந்த அலமாரி. 32 டிகிரியைத் தாண்டும் நாள்களில் தண்ணீர்க் கிண்ணத்தை இருமுறை பாருங்கள்.

தண்ணீர்

ஒரு சிறு கிண்ணம், எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறை கிண்ணத்தைத் ததும்ப ஊற்றி, பக்கத்து மண்ணை மட்டும் நனையவிடுங்கள். அது முழுக்கக் காய்ந்தபின் அடுத்தது. குஞ்சு கீழே இறங்கிக் குடிக்கத் தயங்கும். அதற்கு மாலையில் வலையின் வெளிப்பக்கத்தில் இரண்டு சொட்டுத் தெளித்தால் நூலில் நிற்கும் துளியை உறிஞ்சிக்கொள்ளும். சிலந்தியின் மேல் படக்கூடாது. பட்டால் திடுக்கிட்டு ஓடும், சில நேரம் வயிற்றைத் திருப்பி மலத்தைப் பீச்சும். பிங்க்டோவின் முதல் தற்காப்பே அதுதான், குறி தப்பாமல் பல சென்டிமீட்டர் தூரம் போகும்.

சிலந்தியின் கால்களை நீட்டுவது தசை மட்டும் இல்லை, உடலில் உள்ள திரவத்தின் அழுத்தம். தண்ணீர் குறைந்தால் அழுத்தம் குறையும், கால்கள் தாமாக உடலுக்கு அடியில் மடங்கும். அப்படி மடங்கிக் கிடந்தால் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். ஈரமான டிஷ்யூ விரித்த டப்பாவில் வைத்து, வாய்ப்பகுதி ஆழமற்ற தண்ணீரின் விளிம்பில் படும்படி விடுங்கள். புத்தக நுரையீரல் முங்கக் கூடாது. சில மணி நேரத்தில் கால் அசையத் தொடங்கலாம்.

தீனி

குஞ்சுக்கு வாரம் இருமுறை, வளர்ந்ததற்கு ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை. சுவர்க்கோழி, டூபியா கரப்பான் என்று தீனிக்காகவே வளர்த்து விற்பதை வாங்குங்கள். தீனிப்பூச்சி சிலந்தியின் வயிற்றைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, பட்டையின் மேல் பூச்சியை விட்டுப் பாருங்கள். குழாயின் வாயில் முன்கால் பாதங்கள் இரண்டு மட்டும் தெரியும். பூச்சி நூலில் கால் வைத்ததும் அந்தப் பாதங்கள் அதன் பக்கம் லேசாகத் திரும்பும். பிறகு நடப்பதைக் கண் பிடிக்காது. பூச்சி ஏற்கெனவே குழாய்க்குள் போயிருக்கும். மறுநாள் அது கசக்கிய சிறு உருண்டையாக வெளியே விழுந்திருக்கும். அந்த உருண்டையை அன்றே எடுத்துவிடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தின்னாத பூச்சியையும் எடுத்துவிட வேண்டும்.

வீட்டுக் கரப்பானைப் பிடித்துப் போடவே கூடாது. அது எந்த வீட்டில் எந்த மருந்தை மிதித்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. இதையொட்டி நம் வீடுகளில் இருக்கும் ஆபத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் மேல்நாட்டு நூல்களில் இது அதிகம் வராது. கொசுவத்தியும், சுவிட்சில் சொருகும் கொசு லிக்விடும், கரப்பான் ஸ்ப்ரேயும், எறும்புச் சாக்பீஸும் செய்வது பூச்சியின் நரம்பைக் கெடுப்பது. சிலந்திக்கும் அதே நரம்புதான். கூண்டு இருக்கும் அறையில் இவை எதுவும் வேண்டாம்; அந்த அறை ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துவிடுங்கள். தெருவில் கொசு மருந்துப் புகை அடிக்க வரும் நாளில் ஜன்னலை மூடி, கூண்டை உள் அறைக்குக் கொண்டுபோய், புகை முழுக்கக் கலைந்தபின் திரும்ப வையுங்கள். நாய், பூனைக்கு உண்ணி மருந்து தடவிய கையோடு கூண்டைத் தொடாதீர்கள். எறும்புக்கு மருந்தே தேவையில்லை. அலமாரியின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள். சட்டை உரித்துக்கொண்டிருக்கும் சிலந்தியை எறும்புக் கூட்டம் உயிரோடு தின்றுவிடும்.

சட்டை உரித்தல்

சில வாரமாகத் தீனியைத் தொடவில்லை, வயிறு கருத்துப் பளபளக்கிறது, குழாயின் வாயைத் தடித்த பட்டால் அடைத்துவிட்டது என்றால் சட்டை உரிக்கப் போகிறது. நோய் இல்லை. தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பி வைத்துவிட்டு விலகுங்கள். தீனிப்பூச்சி ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. இந்த நேரத்தில் சுவர்க்கோழி சிலந்தியையே கடித்துவிடும்.

பட்டு மெல்லியதாக இருந்தால் உள்ளே நடப்பது தெரியும். சிலந்தி பக்கவாட்டிலோ மல்லாந்தோ படுக்கும். தலைப்பகுதியின் மேலோடு விளிம்பில் விரிசல் விட்டு மூடிபோல் திறக்கும். பிறகு ஒரு துடிப்புக்கு ஒரு மில்லிமீட்டர் என்று கால்கள் எட்டும் பழைய உறையிலிருந்து ஒன்றாக வெளியே வரும். புதுக் கால்கள் வெளுத்து, ஈரமாக, தொட்டால் ஒடிந்துவிடும் போல இருக்கும். விஷப்பற்கள் பால் வெள்ளை. அவை சிவந்து, பின் கருத்தால்தான் கடிக்கும் பலம் வரும். குஞ்சு என்றால் ஒரு வாரம், வளர்ந்தது என்றால் இரண்டு வாரம் கழித்தே தீனி போடுங்கள். பாதியில் சிக்கிக்கொண்டதுபோல் தோன்றினாலும் இழுத்து உதவப் போகாதீர்கள். முன்பு இழந்த கால் இருந்தால் மெல்லிய புதுக் கால் அதே இடத்தில் முளைத்திருக்கும்.

உரித்த சட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். பாத்திர சோப்பு ஒரு சொட்டுக் கலந்த தண்ணீரில் ஊறவைத்து வயிற்றுப் பகுதியை மெதுவாக விரித்தால், முன் ஜோடி நுரையீரல் தழும்புகளுக்கு நடுவே பெண்ணுக்கு விந்துப்பை மடிப்புகள் தெரியும். ஆணுக்கு அது இருக்காது. பெண் பத்து ஆண்டுக்கு மேலும் வாழும். ஆண் முதிர்ந்தபின் ஓரிரு ஆண்டுகூட இருப்பது அரிது. கடைசிச் சட்டை உரித்ததும் வாய்க்கு இருபுறமும் உள்ள சிறு கைகளின் நுனி உருண்டு திரளும். வலை பின்னுவது குறையும், ராத்திரி முழுக்கக் கூண்டைச் சுற்றி அலையும், தீனி வேண்டாம் என்று ஒதுக்கும். அது வயதின் இயல்பு.

கையில் எடுப்பது

எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பிங்க்டோவின் விஷம் மனிதருக்குப் பெரிய ஆபத்து இல்லை, அது கடிப்பதும் அரிது. ஆனால் அது தாவும். கையிலிருந்து எந்தத் திசையில் என்று சொல்ல முடியாது. மின்விசிறி ஓடும் அறையில் அதை நினைத்துப் பாருங்கள். வயிற்றில் உள்ள அரிப்பு மயிர்களைப் பிங்க்டோ உடம்பைத் தேய்த்துத்தான் ஒட்டவைக்கும். வெர்சிகலர் அவற்றைக் காற்றிலும் உதறிவிடக் கூடியது என்று 2003-இலேயே பதிவாகியிருக்கிறது. கண்ணில் பட்டால் தேய்க்காமல் தண்ணீரில் கழுவி மருத்துவரிடம் போங்கள்.

கூண்டு மாற்ற வேண்டியிருந்தால் இரண்டு கூண்டையும் பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்து, மின்விசிறியை நிறுத்தி, கதவை மூடிவிட்டுத் தொடங்குங்கள். சிலந்தியின் மேல் ஒளி ஊடுருவும் கப் ஒன்றைக் கவிழ்த்து, கீழே அட்டையைச் செருகினால் போதும். அது கப்புக்குள் ஏறவில்லை என்றால் பின்கால் பக்கம் மெல்லிய தூரிகையால் தொட்டால் முன்னே நகரும். அவசரப்பட்டால் தூரிகையின் மேலேறி உங்கள் கைக்கு வந்துவிடும்.

ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதில்லை. வளர்ந்த சிலந்தி இரண்டு வாரம் தீனி இல்லாமல் சாதாரணமாக இருக்கும். கிளம்புமுன் மிச்சத் தீனியை எடுத்துவிட்டு, வழக்கத்தைவிடப் பெரிய கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, அலமாரிக்கால் கிண்ணங்களை நிரப்பி, அந்த அறையில் கொசு லிக்விட் போட வேண்டாம் என்று வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள். குஞ்சு என்றால் மட்டும் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை யாராவது வந்து வலையில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும்.